வாய் வைக்காத குப்பிகள்

ஒரு குப்பியின் வாயில் எச்சில் இல்லை என்றால், அதிலிருந்த தண்ணீரை யார் குடித்தது?

கீழ்முனை நகரத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான். ஐந்து வருடங்களாக யாருக்கும் தோன்றாத கேள்வி. கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீரூற்று வாரியத்துக்குப் புதிதாக வந்திருந்த தலைவர் அம்பலவாணன், துறைமுகத்தில் சரக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். என் குறிப்பை இரண்டு முறை படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"வாயால சொல்லுங்க தவசிமணி. இந்த எச்சில் சமாச்சாரமெல்லாம் எனக்குப் புதுசு."

"தெருவுல இருக்கிற தண்ணி ஊத்தோட கழுத்துல ஒரு வளையம் இருக்குல்ல சார். குப்பிய வச்சதும் நீல வெளிச்சம் ஒண்ணு விளிம்பச் சுத்தி வரும். ஒட்டியிருக்கிற எச்சில வச்சு, கடைசியா அதுல யார் வாய் பட்டுச்சுன்னு படிச்சிரும். படிச்ச பிறகு விளிம்பக் கழுவிட்டுத் தண்ணி குடுக்கும்."

"வேற ஆள் வாய் பட்டிருந்தா?"

"குடுக்காது. அந்தக் குப்பி எந்த ஊத்துலயும் செல்லாது. ஜனங்க பூட்டிக்கிச்சும்பாங்க."

"அப்ப ஊத்துக்கு முத்தம் குடுத்தாத்தான் தண்ணி." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "சரி, எச்சிலே இல்லன்னா?"

"அதுக்குத்தான் சார் இதுவரைக்கும் விதி இல்ல. படிக்க முடியலன்னு விட்டுட்டுத் தண்ணியக் குடுத்துருது. நாப்பத்தோரு குப்பி அப்படி ஓடிட்டிருக்கு. தண்ணி எடுக்காங்க, ஆனா சொந்தக்காரங்க யாரும் குடிக்கல."

"விக்கிறாங்க."

"அப்படித்தான் தோணுது."

"மறுபடியும் பாக்கெட்டு."

நான் தலையாட்டினேன். அந்த ஒரு சொல் போதும். எங்கள் அலுவலகத்தில் அதற்கு மேல் யாரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் எங்கள் அளங்களில் விளைந்த உப்பை வாங்க ஆளில்லாமல் போனது. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டால், உப்பு கரைந்த பிறகும் ஏதோ மினுங்கிக்கொண்டு நிற்கும். கடல் பிளாஸ்டிக்கைத் தின்று அதையே உப்பாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. பாட்டில், பாக்கெட், கேன், நீல நிற டிரம், எல்லாம் போயின. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து தெருவுக்குத் தெரு ஊற்று வந்தது. ஆளுக்கு ஓர் எஃகுக் குப்பி. ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை நிரப்பலாம். வீட்டுக் குழாயில் வருவது குளிக்கவும் துவைக்கவும்தான். குடித்தால் வாந்தி வரும்.

அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல இன்றும் எனக்கு வாய் வராது. கடற்கரையில் மறுபடி மணல் தெரிந்தது. உப்பு மறுபடி உப்பாயிற்று. அந்தச் சட்டத்தைத் தின்னத் தொடங்கிய கறையான், குப்பிகளை நிரப்பிப் பழைய பாக்கெட்டுகளில் அடைத்து விற்ற கூட்டம். அவர்களை ஒழிக்கத்தான் வளையம் வந்தது.

வளையத்துக்கு என்ன படிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். விரல் ரேகை, கண், முகம் என்று எத்தனையோ வழி இருந்தன. நான் எச்சிலைத்தான் எழுதினேன். ஊற்றுகளின் நெற்றியில் இருக்கும் 'வாய் வைத்துக் குடி' என்ற வாசகமும் என்னுடையது.

என் அப்பாவின் ஊரில் ஒரு டீக்கடை இருந்தது. அப்பாவுக்கு அங்கே தம்ளர் தர மாட்டார்கள். தண்ணீர் கேட்டால் கடைக்காரர் செம்போடு வெளியே வருவார். அப்பா குனிந்து இரண்டு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்துப் பிடிப்பார். மேலிருந்து ஊற்றுவார்கள். ஆறு வயதில் அதை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். அப்பா அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கல்லூரி விடுதிக்குப் போன நாளிலிருந்து எந்தப் பாத்திரமானாலும் நான் வாய் வைத்துத்தான் குடித்தேன். அண்ணாந்து குடிப்பதையே விட்டுவிட்டேன். முப்பது வருடங்கள். ஒரு நகரத்தையே வாய் வைத்துக் குடிக்கச் செய்துவிட்டோம் என்று எனக்குள் ஒருவன் சத்தமில்லாமல் மகிழ்ந்துகொண்டிருந்தான்.

ஏழு நாள் எச்சில் படாத குப்பி பூட்டப்படும். சொந்தக்காரர் வாய் வைத்துக் கொண்டுவந்தால் திறக்கும். என் புதிய விதி இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அது அமலுக்கு வந்தது.

பத்தரைக்கெல்லாம் நாற்பத்தொன்றில் முப்பது குப்பிகள் திறந்துவிட்டன. பதிவுகளைப் பார்க்கும் எஸ்தர்கனி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நோன்பு, விரதம் என்று எச்சில் படாமல் குடித்தவர்கள், வாயில் புண் வந்து குழல் போட்டுக் குடித்தவர்கள், சுத்தம் பார்க்கும் இரண்டு மூன்று வயதானவர்கள். மீதி பதினொன்றும் ஒரே ஊற்றைச் சேர்ந்தவை. நகரத்தின் தெற்கு முனையில், அளத்துக்குள் இருக்கும் எட்டாம் ஊற்று.

"அங்கதான் சார் வியாபாரம் நடக்குது போல" என்றாள் எஸ்தர்.

நானே போனேன்.

அன்று வெயில் நாற்பத்தாறு பாகை. அளத்தில் நிழல் என்று எதுவும் கிடையாது. பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீர் கண்ணாடி போல வெயிலைத் திருப்பி முகத்தில் அடித்தது. வரப்பில் நடந்தபோது காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் பாட்டில்கள். கரை அரிக்காமல் இருக்க எந்தக் காலத்திலோ மண்ணோடு போட்டு மிதித்தவை, வெயிலில் வெளுத்து எலும்புபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பதினொரு பேர் நின்றிருந்தார்கள். உப்பு வாரும் பலகைகள் தரையில் கிடந்தன. பூட்டிய குப்பிகளை ஊற்றின் அடியில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

"இங்க யார் பொறுப்பு?"

தலையில் துண்டு கட்டிய பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் உப்பு பூத்து வெளுத்திருந்தது. "பொறுப்புன்னு யாருமில்ல சார். கேக்கணும்னா என்னையக் கேளுங்க. முத்துப்பேச்சி."

"தண்ணிய எடுத்து என்ன செய்யுதீங்க?"

"தண்ணிய என்ன செய்வாவ? குடிக்கோம்."

"குளிச்சுப் பவுடர் போட்டுக்கிடுதோம் சார்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். முப்பது வயதுக்காரன். இரண்டு பேர் சிரித்தார்கள். உதடுகள் வெடித்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏல சூசை, சும்மா கெட." முத்துப்பேச்சி திரும்பாமலே அதட்டினாள். "காலைல இருந்து ஒரு சொட்டு எறங்கல சார். ஊத்து செவப்பாவே நிக்கி. என்னன்னு பாருங்க."

"குடிச்சா குப்பியில வாய் பட்டிருக்கணுமே?"

"நாங்க அண்ணாந்து குடிப்போம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

"ஏன்?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  பிறகு சொன்னாள். "வாய் வச்சா எச்சிலாயிருமில்லா. எச்சில் பட்டத இன்னொரு ஆளு எப்படி சார் குடிக்க?"

அந்தச் சொல் வேறு எங்கிருந்து வந்திருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். இவ்வளவு தூரம் வந்து, இந்த வெயிலில், எனக்கு மிகவும் நெருக்கமாக நிற்க வேண்டிய ஒரு மனுஷியின் வாயிலிருந்து வந்தது. கண்முன் அந்தச் செம்பு வந்தது. அப்பாவின் பிடரி வந்தது.

"இன்னுமா எச்சில் பாக்குதீங்க?"

அவள் மறுபடி பேசாமல் நின்றாள். என்னிடம் சொல்லலாமா, கூடாதா என்று அவள் என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்று அந்த மௌனத்தை நான் திமிர் என்று படித்தேன். வளையத்துக்குக்கூட, படிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடத் தெரிந்திருந்தது.

"உங்ககிட்ட அட்டை இருக்காமே சார். அத வச்சாத் தெறந்திருமாம். ஒரு நாளைக்குத் தெறந்து விடுங்க. பெறகு பாத்துக்கிடுவோம்."

அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு குப்பிக்கு ஒரு நொடி. பதினொரு நொடிகள்.

"அட்டை எதுக்கு? வாய் வைங்க. தானாத் திறக்கும்."

யாரும் அசையவில்லை.

"யாராவது ஒருத்தர் வைங்க. பாப்போம்."

முத்துப்பேச்சி குனிந்து ஒரு குப்பியை எடுத்தாள். கவிழ்த்து அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்துக் கவிழ்த்தாள். நான்காவதில்தான் தன்னுடையது கிடைத்தது. தன் குப்பி எது என்றே தெரியாமல் ஐந்து வருடம் ஒருத்தி எப்படி இருந்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் வெறும் குப்பியை வாயில் வைத்து எடுத்தாள். மருந்து குடிக்கிற குழந்தையின் முகம்போல அவள் முகம் சுருங்கியது. வளையத்தில் வைத்ததும் நீல வெளிச்சம் சுற்றி வந்து பச்சையாயிற்று. தண்ணீர் இறங்கியது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன் சார்."

"இவ்வளவுதான் விஷயம். எல்லாரும் இதே மாதிரி செய்யுங்க."

பிறகு நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. என் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தேன். அவர்கள் எல்லோரும் பார்க்க, விளிம்பில் உதட்டை நன்றாக அழுத்தி வைத்து, பாதிக் குப்பியைக் குடித்தேன். அவர்கள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் சொல்லித் தருவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். 'தயக்கத்துக்குக் காரணம் பழக்கம் மட்டுமே. ஒரு தொழிலாளி முன்வந்ததும் குப்பி உடனே திறந்தது. கையால் திறக்கும் அட்டைகள் இனித் தேவையில்லை. அவை பழக்கத்தை நீட்டிக்கவே உதவும்.' கடைசி வாக்கியத்தைப் படித்து அம்பலவாணன் பாராட்டினார். மறுநாள் காலை வாரியத்தின் எல்லா அட்டைகளும் செயலிழந்தன. என்னுடையதும்தான்.

செவ்வாய்க்கிழமை நான் எட்டாம் ஊற்றின் பதிவைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு தாள் வந்தது. அளத்தில் பெண் தொழிலாளி ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, நேற்று பிற்பகல் இரண்டு மணி, வெப்பத் தாக்கு, கொண்டுவரும் வழியிலேயே மரணம். குடிநீர் கிடைத்ததா என்று வாரியம் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்தர்கனி முத்துப்பேச்சியின் குப்பிப் பதிவைத் திறந்தாள்.

"நேத்து நாலு தடவ நிரப்பியிருக்காங்க சார். ஆறு பத்துக்கு, ஏழு நாப்பதுக்கு, ஒம்பது அஞ்சுக்கு, பத்து அம்பதுக்கு. பத்து அம்பதோட அளவு முடிஞ்சிருச்சு."

"எச்சில்?"

"நாலு தடவையும் இல்ல. ஆனா இன்னைக்குக் காலைல யாரோ நிரப்ப வச்சிருக்காங்க. அதுல இருக்கு. அந்த அம்மாவோட எச்சில்தான். பச்சை." அவள் மேலே இருந்த நேரங்களை மறுபடி பார்த்தாள். "அப்ப நேத்து பத்து அம்பதுக்கும் ரெண்டு மணிக்கும் இடையில அவங்க வாய் வச்சிருக்காங்க சார்."

அறைக்குள் வந்த அம்பலவாணன் கடைசி வரியை மட்டும் கேட்டார். "குப்பி அவங்க பேர்ல இருந்துச்சா? தண்ணி எடுத்திருக்காங்களா? வாய் வச்சுக் குடிச்சிருக்காங்களா? பிறகென்ன. நம்ம கடமை முடிஞ்சது. அதையே எழுதிருங்க." என்னைப் பார்த்தார். "தவசிமணி, நீங்க போய் இறப்புப் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டு அந்தக் குப்பிய வாங்கிட்டு வந்துருங்க. செத்தவங்க பேர்ல தண்ணி போகக் கூடாது பாருங்க."

அவர் போன பிறகும் எஸ்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், மத்த பத்துக் குப்பியும் இன்னும் செவப்பாத்தான் இருக்கு."

"இன்னுமா?"

"ஒண்ணு கேக்கட்டா? நீங்க திங்கக்கிழமை போனப்ப அங்க எழுபது வயசு ஆளு யாரும் இருந்தாங்களா?"

நினைத்துப் பார்த்தேன். முத்துப்பேச்சிதான் அங்கே மூத்தவள். "இல்லையே."

"இதுல மரகதம்னு ஒரு குப்பி. வயசு எழுபத்தொண்ணு. அருளப்பன், அறுபத்தெட்டு. தெய்வானை, எழுபத்தஞ்சு. பத்துக் குப்பிலயும் நாலு வருசமா எச்சில் பதிவே இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இடுகாட்டுப் பதிவோட வச்சுப் பாத்தேன் சார். ஏழு பேர் செத்துட்டாங்க. மூணு பேர் ஊர விட்டுப் போயிட்டாங்க. யாரும் குப்பியத் திருப்பிக் குடுக்கல. அளத்துல நீங்க பாத்த மத்த பத்துப் பேரும் இவங்க குப்பியிலதான் குடிச்சிட்டிருந்திருக்காங்க."

"அவங்களுக்கு ஏன் சொந்தக் குப்பி இல்ல?"

கேட்டேனே தவிர, எனக்கே தெரிந்ததுதான். வடக்கே கடல் எடுத்துக்கொண்ட குப்பங்களிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் வருவதற்குள் நகரத்தின் பட்டியல் மூடப்பட்டுவிட்டது. பட்டியலில் பெயரில்லாதவனுக்குக் குப்பி கிடையாது. குப்பி இல்லாதவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

வாய் வைத்தால் எச்சில் படும். எச்சில் பட்டால் செத்தவர்களின் குப்பியில் யார் குடிக்கிறார்கள் என்று ஊற்றுக்குத் தெரிந்துவிடும். அண்ணாந்து குடித்தால் தெரியாது. குப்பியின் விளிம்புக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கும் நான்கு விரல் காற்றில்தான் பத்துப் பேர் நான்கு வருடங்களாக ஒளிந்திருந்தார்கள். அவர்களைக் காட்டிக் கொடுக்காமலிருக்க, அந்தப் பெண் கைக்கு எட்டிய ஒரு பழைய காரணத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். எத்தனையோ காரணங்கள் இருக்க, அதை வைத்தாள்.

   இறப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அளத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள். உப்பு வாரவில்லை. ஊற்றுக் கம்பத்தின் ஒரு சாண் நிழலில் ஒருவர் மாற்றி ஒருவர் தலையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"மத்தவங்க?"

"வடக்க நடந்து போயிட்டாவ" என்றான் சூசை. "எங்கயாவது மழை பெய்ஞ்சிருக்கும்னு." அவன் கேலி செய்கிறானா என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியாம…" என்று தொடங்கினேன். 

"தெரியாதுன்னு தெரியும் சார். அக்கா அதான் சொன்னா. ஆளப் பாத்தா நல்லவர் மாதிரி இருக்காரு, ஆனா சொன்னா எழுதிருவாரு, எழுதுற ஆளுன்னு." அவன் உதட்டை நாக்கால் ஈரப்படுத்தப் பார்த்தான். நாக்கும் காய்ந்திருந்தது. "அக்கா எச்சில் பாக்குற ஆளா சார்? எம்மவளுக்குப் பல்லு மொளைக்கையில கருவாட்ட மென்னு மென்னு ஊட்டுனவ."

நான் வரப்பில் உட்கார்ந்தேன். காலடியில் பாட்டில்கள் நொறுங்கின.

"நேத்து என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? ஒரு குப்பி, பதினொரு பேரு. பூராவும் எங்களுக்கே ஊத்துனா. நீ குடி அக்கான்னா, நான் ஊத்துக்கிட்டயே குடிச்சிட்டேன்டாங்கா. நாலு தடவயும் அதேதான் சொன்னா. நாங்களும் நம்புனோம்." பிறகு அவனே திருத்தினான். "நம்புனோம்னு சொல்ல முடியாது. தாகத்துல கேக்கல."

பாத்தியில் உப்பு பொரிந்துகொண்டிருந்தது.

"ஒரு மணிக்குச் சாஞ்சிட்டா. குப்பியில ரெண்டு மடக்கு மிச்சம் இருந்துச்சு. மயங்கிக் கெடக்கிறவளுக்கு அண்ணாந்து எப்படி சார் ஊத்த? பொரையேறிரும். அதான் நான் தலையத் தூக்கி, விளிம்ப வாயிலயே வச்சேன்."

"குடிச்சாங்களா?"

"வழிஞ்சிட்டு."

அதுதான் அந்தப் பச்சை. வாரியத்தின் மேல் தவறில்லை என்று சொல்லும் பச்சை. என் விதி வேலை செய்கிறது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி. விழுங்காத உதட்டிலிருந்து விளிம்புக்கு வந்தது.

சூசை எழுந்து போய் அந்தக் குப்பியை எடுத்து வந்தான். "இத வாங்கத்தான வந்திருக்கீங்க?"

வாங்கினேன். கனமாக இருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர். இன்றைய நான்காவது லிட்டர். மதியத்துக்கும், மாலைக்கும், இரவுக்கும், ஆறு பேருக்கு.

"படிவம் எழுதலைன்னா என்ன ஆகும் சார்?"

"மூணு நாள் பொறுப்பாங்க. பிறகு தலைவரே எழுதிருவார்."

"மூணு நாள்" என்று அவன் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னான். "பன்னெண்டு லிட்டர்."

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். அட்டையின் விளிம்பு விரலில் தட்டியது. வெறும் அட்டை. என் தோளிலிருந்து குப்பியைக் கழற்றி அவன் முன்னால் வைத்தேன். வரும் வழியிலேயே அது காலியாகிவிட்டிருந்தது.

"இதையும் வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வரும். யாரும் வாய் வச்சிராதீங்க. வாரத்துக்கு ஒரு தடவ நான் வந்து வச்சுட்டுப் போறேன். பூட்டாது."

"வருவீங்களா?"

அவன் கேட்டதில் குத்தல் இல்லை. ஊற்று நாளைக்கு ஓடுமா என்று கேட்பது போலத்தான் கேட்டான். தலையாட்டினேன்.

"அப்ப நீங்க எதுல குடிப்பீங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நகரத்தில் எனக்கும் வேறு தண்ணீர் இல்லை. இதற்கு முன் அந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டி வந்ததே இல்லை.  தூரத்தில் குடிநீர் ஆலையின் இரைச்சல் கேட்டது.

"சரி, இப்பக் குடிச்சிட்டுப் போங்க சார். மொகமெல்லாம் செவந்து கெடக்கு." முத்துப்பேச்சியின் குப்பி என் கையிலேயே இருந்ததை அவன் காட்டினான். "ஒரு மடக்குதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தாகம் அதற்குள் மூடியைத் திறந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கத்தில் குப்பி நேராக உதட்டுக்கு வந்தது.

"வாய் வைக்காதீங்க!"

ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். படுத்திருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். என் கை அந்தரத்தில் நின்றது.

"எச்சிலாயிரும் சார்" என்றான் சூசை, மெதுவாக. "வேற வாய் பட்டாப் பூட்டிக்கிரும்லா. அண்ணாந்து ஊத்திக்கோங்க."

"எனக்கு அண்ணாந்து குடிக்க வராது. சிந்திரும்."

சிந்துவது என்றதும் எல்லோருடைய கண்களும் குப்பிக்குப் போயின. சூசை அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். என் முன்னால் வந்து நின்றான். என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை. என்னைவிட ஒரு சாண் உயரமாக இருந்தான்.

நான் குனிந்தேன். இரண்டு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்துப் பிடித்தேன். எவ்வளவு குனிய வேண்டும், விரல்களை எப்படி இடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அவன் மேலிருந்து ஊற்றினான். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.